"ஏன் 14?" என்று கேட்கும் மகளை எங்கே சேர்ப்பது: தேவகோட்டை ஆச்சி ஒருவருக்குப் பதில்

ஆச்சிக்கு வணக்கம்.

உங்கள் மகளுக்கு நீட்டில் மதிப்பெண் போதவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங்குக்கு அனுப்புவதா, அவள் ஒற்றைக்காலில் நிற்கிறபடி பி.எஸ்சி.யில் சேர்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள். சேர்த்துவிடுங்கள் ஆச்சி. டாக்டராக அவளால் முடியாது என்பதால் இதைச் சொல்லவில்லை. அவள் நோட்டில் ஏடிபி சிந்தேஸ் (செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைச் செய்யும் நொதி) படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் பொடியாக எழுதியிருந்த ஒரு வரியைப் பார்த்ததால் சொல்கிறேன்: "12 இருந்தால் கணக்கு நேராக வந்துவிடுமே, ஏன் 14?"

அந்த வரியின் கனம் உங்களுக்கும் தெரிய வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இலையின் பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டு என்ற சவ்வுப் பைகள் உண்டு. வெளிச்சம் பட்டதும் தண்ணீர் பிளந்து, அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் புரதத்துக்குப் புரதம் கைமாறிப் போகின்றன. அந்த ஓட்டத்தில் புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அயனிகள், பைக்குள் சேர்ந்து நெருக்குகின்றன. அவை வெளியேறும் முக்கிய வாசல்தான் ஏடிபி சிந்தேஸ். சவ்வுக்குள் ஒரு வளையம், வெளியே ஸ்ட்ரோமா என்ற திரவத்தின் பக்கம் துருத்திக்கொண்டு ஒரு தலை, இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்டு. புரோட்டான்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்க, வளையமும் தண்டும் சேர்ந்து சுழலும். தலை சுற்றாது; பக்கவாட்டில் இன்னொரு புரதம் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. புதுவயல் அரிசி ஆலைகளில் ஷாஃப்ட் சுற்ற, மிஷின் நின்ற இடத்திலேயே வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள்; அப்படித்தான். தண்டு கோணலானது என்பதால் அது திரும்பத் திரும்ப, தலையில் உள்ள மூன்று இடங்களும் முறை வைத்து உருமாறுகின்றன. ஒன்றில் அடினோசின் டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் வந்து அமரும், ஒன்றில் அவை இறுகி ஏடிபி ஆகும், மூன்றாவதிலிருந்து முடிந்த ஏடிபி வெளியே போகும். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி. இந்த முறையைச் சொன்ன பால் பாயருக்கும், தலையின் அமைப்பைப் படமெடுத்துக் காட்டிய ஜான் வாக்கருக்கும் 1997இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதே வருஷம் ஜப்பானில் அந்தத் தண்டில் ஓர் ஆக்டின் இழையை ஒட்டவைத்து, அது சுழல்வதை நுண்ணோக்கியில் நேராகவே பார்த்தார்கள்.

இனி உங்கள் மகள் கேள்விக்கு வருகிறேன். பசலைக்கீரையின் பசுங்கணிகத்தில் அந்த வளையம் 14 துண்டுகளால் ஆனது; ஒரு சுற்றில் துண்டுக்கு ஒரு புரோட்டான் வீதம் ஏறி இறங்கும். ஆகவே 3 ஏடிபிக்கு 14 புரோட்டான் செலவு. ஒரு கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரை வழிக்குக் கொண்டுவர 3 ஏடிபியும், எலக்ட்ரான்களைச் சுமந்து வந்து கொடுக்கும் என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு 2ம் வேண்டும். அந்த 2 என்ஏடிபிஹெச் உண்டாகும்போது பைக்குள் சேர்வது 12 புரோட்டான். அதை வைத்து ஏறக்குறைய 2.57 ஏடிபிதான் செய்ய முடியும். வளையம் 12 துண்டாக இருந்திருந்தால் கச்சிதமாக 3! இதை அவளே போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் செடி எலக்ட்ரான்களைச் சுழற்சியாகவும் ஓடவிடுகிறது; அப்போது என்ஏடிபிஹெச் உண்டாகாமலே புரோட்டான் சேரும். மாட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் இந்த வளையத்துக்கு 8 துண்டு, ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் 15. வளையம் பெரிதானால் புரோட்டான் நெருக்கம் குறைவாக இருக்கும்போதும் ஏடிபி செய்துகொள்ளலாம், மங்கிய வெளிச்சத்தில் அது உதவும் என்பது ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம். பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை. முடியாத ஒரு கேள்வியின் வாசலுக்கு, யாரும் கூட்டிப்போகாமல், அவள் தானாகப் போய் நிற்கிறாள் ஆச்சி.

கோச்சிங் வகுப்பில் இதைக் கேட்டால் "அதை விடும்மா, அடுத்த கேள்விக்குப் போ" என்பார்கள். அந்தத் தேர்வுக்கு அது சரிதான். இன்னொரு வருஷம் முழுக்க அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

வேலைக்கு வருவோம். பி.எஸ்சி. மட்டும் முடித்தால் நல்ல சம்பளம் எதிர்பார்க்க முடியாது. பி.எஸ்சி., எம்.எஸ்சி., பிறகு பிஎச்.டி. என்று பத்து வருஷத்துப் பாதை இது. கல்யாணப் பேச்சு நடுவில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பத்து வருஷமும் நீங்களே செலவு செய்ய வேண்டியதில்லை. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. இந்தப் படிப்பு செடியோடு நின்றுவிடுவதும் இல்லை. மருந்துக்கு மசியாத காசநோய்க்கு இப்போது கொடுக்கும் பெடாகுயிலின், காசநோய்க் கிருமியின் ஏடிபி சிந்தேஸ் வளையத்தைத்தான் போய் முடக்குகிறது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது.

எந்தப் பாடம் என்றால், பி.எட். முடித்து ஆசிரியராகும் வழியும் திறந்திருக்கட்டும் என்று நீங்கள் நினைப்பதால் தாவரவியல் எடுக்கட்டும். எம்.எஸ்சி.க்கு அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே உயிரித்தொழில்நுட்பத் துறை இருக்கிறது. ஐஐடி ஆசை இருந்தால் அங்கே எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு. இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள். சவ்வின் இரு பக்கமும் மின்னூட்டமும் செறிவும் வேறுபடுவதுதான் இந்த நொதியைச் சுழற்றுகிறது, அது மின்வேதியியல். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1953 முதல் காரைக்குடியில் நடக்கும் சிக்ரி அந்தத் துறைக்கென்றே உள்ள ஆய்வு நிலையம். பொதுமக்களை உள்ளே விடும் நாளில் ஒருமுறை கூட்டிப் போங்கள்.

ஒரு குறை மட்டும் எனக்குப் பயம் தருகிறது. அவள் பியூர் சயின்ஸ் குரூப், கணிதம் கிடையாது. ஜாம் உயிரித்தொழில்நுட்பத் தாளில் பிளஸ் டூ அளவுக்குக் கணிதமும் இயற்பியலும் வரும். கல்லூரி திறப்பதற்குள் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தின் இரண்டாம் தொகுதியை யாரிடமாவது வாங்கிக் கொடுங்கள். வகைநுண்கணிதத்தில் தொடங்கட்டும். முதல் வாரம் அழுவாள். அதற்காக விட்டுவிடச் சொல்லாதீர்கள்.