ஆயில் விளக்கு மினுக்கினால் பம்பை மாற்றிவிடலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2003 மாடல் டீசல் பிக்கப். நாகலூர் பக்கத் தோட்டங்களிலிருந்து காபி, மிளகு மூட்டைகளை ஏற்றிச் சேலத்தில் இறக்கிவிட்டு, திரும்பும்போது உரமும் மளிகையும் ஏற்றி வருவேன். இரண்டு மாதமாக, மேலே ஏறி வந்து ஏரி அருகே வண்டியை ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் மட்டும் ஓடும்படி) விட்டால் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடுகிறது. ஆயில் பம்ப் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (ஏற்காடு வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். இப்படி வந்த வண்டிகளில் பம்பே குற்றவாளியாக இருந்தது குறைவு. ஆயில் பம்பின் வேலை ஆயிலைத் தள்ளுவது மட்டும்தான், அழுத்தம் என்பது அந்த ஆயில் போகும் வழி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதைப் பொறுத்து வருவது. செடிக்குத் தண்ணீர் விடும் ஓஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் பீய்ச்சி அடிக்கிறது, விரலை எடுத்தால் வழிகிறது, மோட்டார் அதேதான். இன்ஜினுக்குள் அந்தக் கட்டைவிரல் பேரிங். சுற்றும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளி தேய்ந்து அகலமானால், புது பம்ப் போட்டாலும் ஆயில் வழிந்து ஓடிவிடும்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையோடு இரண்டாவது கியரில் ஏறி வந்தால் ஆயில் நன்றாகச் சூடாகித் தண்ணீர் மாதிரி இளகியிருக்கும். அந்த நேரத்தில் ஸ்லோவில் விட்டால் பம்பும் மெதுவாகச் சுற்றும். சூடு, இளகிய ஆயில், குறைந்த சுற்று மூன்றும் சேர்ந்த இடம் அது, அதனால்தான் பலவீனம் அங்கே தெரிகிறது. ஒன்று கவனித்துச் சொல்லுங்கள், விளக்கு வளைவில் திரும்பும்போதே மினுக்குகிறதா, நின்ற பிறகா? வளைவிலேயே என்றால் முதலில் சமதரையில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். அளவு குறைந்த வண்டியில் ஏற்றத்திலும் திருப்பத்திலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கிற சல்லடை காற்றை உறிஞ்சும். நின்ற பிறகுதான் என்றால் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, அளவும் ஏறிக்கொண்டே இருந்தால் எங்கிருந்தோ டீசல் ஆயிலில் கலக்கிறது, அதை நிறுத்தாமல் எந்த பம்பைப் போட்டும் பயனில்லை.

அப்புறம் அந்த விளக்கை எரிய வைக்கும் ஆயில் சுவிட்சை இன்ஜினிலிருந்து கழற்றி அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். டாஷ்போர்டு விளக்கு பொதுவாக அழுத்தம் 5, 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை இறங்கினால் எரிகிற ஒரு சுவிட்சுதான், அது கெட்டுப்போயும் பொய் சொல்லும். கேஜோடு நாலைந்து வளைவு ஏறி இறங்கி, சூட்டில் அளக்க வேண்டும். பட்டறையில் குளிர்ந்த இன்ஜினில் அளந்த எண்ணை நம்பாதீர்கள். பெரும்பாலான பழைய டீசல் இன்ஜின்களுக்கு, சூட்டில், ஸ்லோவில் 10 பிஎஸ்ஐக்குக் குறையாமலும் 2000 ஆர்பிஎம்மில் 25, 30க்கு மேலும் இருந்தால் கவலையில்லை. உங்கள் இன்ஜினுக்கான மேனுவல் வேறு எண் சொன்னால் அதுதான் கணக்கு.

உண்மையிலேயே குறைந்தால் சேம்பரை (இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை) இறக்குங்கள். முதலில் சல்லடை. போன வருடம் காபிப் பருவத்தில் ஒரு பிக்கப் இதே புகாரோடு என்னிடம் வந்தது, வேறொரு பட்டறையில் புது பம்ப் போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இறக்கிப் பார்த்தால் சல்லடை முழுக்கச் சிவப்புச் சேமியா! சேம்பர் ஒட்டும்போது தாராளமாகப் பூசிய சிலிகான் பேஸ்ட், உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ஆயிலோடு மிதந்து வந்து அடைத்திருந்தது. சல்லடையைக் கழுவி, சேம்பரைத் துடைத்து, பேஸ்ட்டை நூல் கனத்துக்குப் பூசி மாட்டினேன், விளக்கு அணைந்தது. உரிமையாளர் பம்புக்குக் கொடுத்த காசை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சல்லடை சுத்தமாக இருந்தால் ஒரு கனெக்டிங் ராடு கேப்பைக் கழற்றி உள்ளே இருக்கும் பேரிங் ஓடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மங்கலான சாம்பல் நிறம் ஒரே சீராக இருந்தால் சரி, செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் இன்ஜின் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளக்காமல் புது ஓடு மட்டும் போட விடாதீர்கள்.

இதெல்லாம் தாண்டித்தான் பம்ப். மூடியைத் திறந்து பல்சக்கரத்தின் மேல் நேர்ப்பட்டையை வைத்து, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) நுழைத்துப் பாருங்கள். இடைவெளி 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம், 0.15ஐத் தாண்டினால் மாற்றத்தான் வேண்டும். மூடியின் உள்முகத்தில் நகத்தை ஓட்டினால் தட்டுகிற அளவு பள்ளம் இருந்தாலும் அப்படியே. அழுத்தம் அளவுக்கு மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பி விடும் ரிலீஃப் வால்வின் பிஸ்டன், ஆயில் தடவிய துளையில் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். சில பேர் அதன் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைத்து அழுத்தம் ஏற்றுவார்கள். அது உச்ச அழுத்தத்தைத்தான் கூட்டும். ஸ்லோவில் அந்த வால்வு மூடியே இருக்கிறது, அதனால் உங்கள் விளக்குக்கு எந்த உதவியும் இல்லை, ஃபில்டருக்குத்தான் ஆபத்து.

கேள்வி: ஆயில் பம்ப் மாற்றி ஸ்டார்ட் செய்தேன். ஒரு நிமிடம் ஆகியும் விளக்கு அணையவில்லை. கொஞ்சம் ஓடினால் சரியாகும் என்கிறார்கள். ஓடவிடலாமா? (கொண்டலாம்பட்டி வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம், உடனே நிறுத்துங்கள். ஸ்டார்ட் ஆகி சில விநாடிகளுக்குள் அழுத்தம் வராவிட்டால் பேரிங் காய்ந்து ஓடுகிறது. புது பம்ப் உள்ளே காய்ந்திருந்தால் ஆயிலை உறிஞ்சாது, நம் கைப்பம்பில் முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்பது எதற்கோ அதற்கேதான் இதுவும். மாட்டும் முன் பம்புக்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றி, மறுவாயில் ஆயில் வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். வேலை முடிய நாளாகும் என்றால் வாஸ்லின் அடைத்து வைக்கலாம், அது சூட்டில் கரைந்துவிடும். கிரீஸ் கூடாது, கரையாமல் போய் ஃபில்டரை அடைக்கும். ஃபில்டரையும் ஆயில் நிரப்பியே மாட்டுங்கள். அப்புறம் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி, டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து பத்து விநாடியாக, நடுவில் இடைவெளி விட்டு, செல்ஃப் அடியுங்கள். விளக்கு அணைந்த பிறகுதான் ஸ்டார்ட்.

இவ்வளவு செய்தும் வரவில்லையா? சேம்பரை மறுபடி இறக்கி, சல்லடைக் குழாய் பம்போடு சேரும் இடத்தில் ரப்பர் வளையமோ பேக்கிங்கோ விடுபட்டிருக்கிறதா பாருங்கள். அங்கே காற்று நுழைந்தால் பம்ப் எவ்வளவு புதிதாக இருந்தும் ஆயில் ஏறாது. பம்ப் மூடிக்குக் கம்பெனி கொடுத்த பேக்கிங்கை விட்டுவிட்டுத் தடித்த பேப்பரை வெட்டி வைத்திருந்தாலும் இதேதான், அந்த பேக்கிங்கின் கனமும் பல்சக்கர இடைவெளியில் சேர்ந்துவிடும்.

கேள்வி: பழைய பெட்ரோல் ஜீப், சிஜே 3பி. பின்பக்கத்தைத் திறந்த பிக்கப்பாக மாற்றி வைத்திருக்கிறேன். ஆயில் பம்பைக் கழற்றி மாட்டியதிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகாமல் கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது. பம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (ஆத்தூர் வாசகர்)

பதில்: நேரடிச் சம்பந்தம் உண்டு. அந்த இன்ஜினில் பம்ப் பிளாக்குக்கு வெளியே இருப்பதால் சேம்பரை இறக்காமலே கழற்றிவிடலாம், ஆனால் ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதே அந்த பம்ப் ஷாஃப்ட்தான். ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறீர்கள், டைமிங் மாறிவிட்டது. முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் மேலே கொண்டுவந்து வைத்து, பம்பை வெளியே இழுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார் முதல் பிளக் வயரை நோக்கி நிற்கும்படி பல்லைச் சேர்த்து மாட்டுங்கள். சிலிண்டர்கள் எரியும் (ஃபயரிங்) வரிசை 1-3-4-2.

கேள்வி: விளக்கு மினுக்காமல் இருக்க 15டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றலாமா? (ஓமலூர் வாசகர்)

பதில்: மேனுவல் அனுமதித்தால், சேலத்து வெயிலில் ஓடும் பழைய இன்ஜினுக்கு ஊற்றலாம், தவறில்லை. தேய்ந்த பேரிங்குக்குச் சில மாதம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அந்த மாதங்களில் கேஜ் மாட்டி அளந்துவிடுங்கள்.