மூன்று டப்பாவில் எதை வாங்குவது?

கேள்வி: ஐயா, எங்கள் கலப்பினப் பசு கன்று ஈன்று இரண்டு மாதம் ஆகிறது. பால் கூட வேண்டும் என்று மக்காச்சோள மாவை ஒரே வாரத்தில் இரண்டு மடங்காக்கினோம். முதலில் பால் ஏறியது, இப்போது இறங்கிவிட்டது. கொழுப்பும் 4 சதவீதத்திலிருந்து 3-க்கு வந்துவிட்டது. சாணம் இளகி, நுரையோடு போகிறது. கடைக்காரர் ஈஸ்ட் பொடி, பைபாஸ் கொழுப்பு, ஈரல் டானிக் மூன்றையும் எழுதித் தந்தார். மூன்றும் வாங்க வசதியில்லை. எதை வாங்கினால் போதும்?

பதில்: ஒன்றுதான் என்றால் ஈஸ்ட். ஈரல் டானிக்கை மறந்துவிடுங்கள். பைபாஸ் கொழுப்பு நல்ல பொருள்தான், கறவை உச்சத்தில் மெலிகிற மாட்டுக்குக் கைகொடுக்கும். ஆனால் அசையூண் வயிற்றில் (தீனி முதலில் போய்ப் புளிக்கும் பெரிய அறை) செரிக்காமல் கடந்து போவதுதான் அதன் வேலையே. அந்த வயிற்றிலேயே கோளாறு உள்ள மாட்டுக்கு அதை ஏன் எழுதினார் என்பது அவருக்கே வெளிச்சம்.

மாவுக் கணக்கை எழுதிய நீங்கள், வைக்கோல் எவ்வளவு போடுகிறீர்கள், மாடு அசை போடுகிறதா என்று ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை. நன்றாக அசை போடும் கறவை மாடு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். அதில் உள்ள பைகார்பனேட்தான் வயிற்று அமிலத்தை முறிக்கிறது. கடையில் விற்கும் சோடா உப்பும் அதே சரக்குதான். மாடு இலவசமாகச் செய்துகொள்வதை நிறுத்திவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்குகிறோம்.

மாவு நொடியில் புளித்து அமிலமாகிறது. மெல்ல வேண்டிய நார் இல்லாததால் உமிழ்நீரும் குறைகிறது. வயிற்றின் கார அமில அளவு (pH; எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) 6-லிருந்து 5.5-ஐ நோக்கி இறங்கினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள்தான் முதலில் தளரும். பால் கொழுப்புக்கு மூலமான அசிட்டிக் அமிலத்தின் பங்கு குறையும், மடியில் கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் பொருட்களும் அங்கே உண்டாகும். உங்கள் 3 சதவீதம் அப்படி வந்ததாகவே தெரிகிறது. இது நீடித்தால் சில மாதம் கழித்துக் குளம்பு நோகும். அப்போது அதற்கும் ஒரு மருந்து எழுதித் தருவார்கள்.

மாவை இன்றே பழைய அளவுக்குக் குறையுங்கள். மாவாக அரைக்காமல் குருணையாக உடைத்து, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு வேளையும் உலர் தீவனம் முன்னால், மாவு போன்ற அடர்தீவனம் பின்னால். இந்த வரிசையை யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். தூளாக நறுக்கிய வைக்கோல் வைக்கோலே அல்ல, இரண்டு மூன்று விரற்கடை நீளமாவது இருக்க வேண்டும். உலர் எடைக் கணக்கில் (ஈரத்தைக் கழித்த எடை) மொத்தத் தீனியில் பாதிக்குக் குறையாமல் நார்த்தீவனம் இருக்கட்டும். பிறகு மாடு படுத்திருக்கும்போது எண்ணிப் பாருங்கள்: ஒரு கவளத்தை 50 முறைக்கு மேல் மென்றால் சரி. இரண்டு மூன்று வாரம் அப்படி நிலைத்த பிறகே மக்காச்சோளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். நுண்ணுயிரிகள் பழக அவ்வளவு காலம் பிடிக்கும்.

ஈஸ்ட் வாங்கினால் உயிருள்ளதா, காலாவதி நாள் என்ன என்று கேளுங்கள். வெயில் படும் அலமாரியில் கிடந்த டப்பா வேண்டாம். தினமும் கொடுத்தால்தான் பலன்.

மாடு தீனியை முகர்ந்துவிட்டு விலகினாலோ, சாணம் தண்ணீராகப் போனாலோ அடர்தீவனத்தை முழுதாக நிறுத்திவிட்டு அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஒரு வாரத்தில் மாவை இரட்டிப்பாக்கியதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.