தாழ்நில நாற்று மலைச்சரிவில் பிழைக்குமா?

கேள்வி: 300 மீட்டர் உயரத்தில் உள்ள மழைக்காட்டில் விதை பொறுக்கி நாற்று வளர்த்திருக்கிறேன். காடு அழிந்துபோன ஒரு சரிவில், 1,400 மீட்டர் உயரத்தில் நடலாமா? அதே இன மரம் அங்கேயும் இருக்கிறது.

பதில்: சில கன்றுகள் பிழைக்கலாம். ஆனாலும் மொத்தத்தையும் அங்கே கொண்டுபோய் நடாதீர்கள்.

100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் குறையும். உங்கள் இரண்டு இடங்களுக்கும் இடையே 5, 6 டிகிரி வித்தியாசம் இருக்கும். குளிரோடு விட்டால் பரவாயில்லை. மேகம் படியும் உயரமாக இருந்தால் வெயில் குறைவு, இலை எப்போதும் ஈரம். உதிர்ந்த சருகு சீக்கிரம் மட்காது, அதனால் மண்ணில் தழைச்சத்து தட்டுப்பாடு. புது இலை விடுவதே அங்கே பெருஞ்செலவு. ஆகவே மேட்டுநில மரம் சிறிய, தடித்த, நீண்ட நாள் நிற்கும் இலைகளை விடுகிறது. குட்டையாக நின்று, வளர்ச்சியில் பெரும்பங்கை வேருக்குக் கொடுக்கிறது. தாழ்நிலத்திலோ வெளிச்சத்துக்கான போட்டிதான் பெரிது. அதனால்தான் நெடுநெடுவென்ற உயரம், அகன்ற இலை, தண்டின் அடியில் பலகைபோல் விரிந்து மரத்தைத் தாங்கும் பலகை வேர்கள்.

சரி, ஒரே இனம் என்றால் கன்று தானே பழகிக்கொள்ளாதா? ஓரளவு பழகும். மீதி விதையிலேயே இருக்கிறது. ஹவாய்த் தீவுகளின் ஓஹியா மரம் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல்வரை வளர்கிறது. உயரத்தில் இருப்பவற்றின் இலையடியில் அடர்ந்த ரோமம் உண்டு. கீழே பெரும்பாலும் வழவழப்பான இலைதான். இரண்டு இடத்து விதைகளையும் ஒரே தோட்டத்தில் வளர்த்துப் பார்த்தபோதும் அந்த ரோம வேறுபாடு மாறவில்லை. இனத்தின் பெயரைவிட, தாய்மரம் நிற்கும் உயரத்தைத்தான் நான் முதலில் கேட்பேன்.

எனவே சரிவுக்கு அருகில், அதே உயரத்தை ஒட்டி நிற்கும் பல தாய்மரங்களிலிருந்து விதை எடுங்கள். மீட்டர் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். தனித்து நிற்கும் சிறு மலையில் 1,000 மீட்டருக்குக் கீழேயே மேகக்காடு தொடங்கிவிடும். பெரிய மலைத்தொடரில் அதே காட்சியைப் பார்க்க இன்னும் வெகுதூரம் ஏற வேண்டும். மரத்தண்டில் பாசி அடர்ந்து, இலைகள் சிறுத்துத் தடித்திருந்தால் மேகமண்டலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கையில் உள்ள நாற்றுகளில் கொஞ்சத்தை மட்டும் அடையாளமிட்டு, நிழல் தரும் புதர்களின் ஓரத்தில் நட்டுப் பாருங்கள். வெட்டவெளியில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் இளங்கன்றை வாட்டிவிடும். குளிர்காலம் ஒன்றைத் தாண்டியபின் நுனி கருகாமல் புதுத்தளிர் விட்டவற்றைப் பார்த்து அடுத்த நடவை முடிவு செய்யுங்கள். மிச்ச நாற்றுகளை விதை எடுத்த உயரத்திலேயே நட்டுவிடலாம்.