டிஜிட்டல் கேமை ஏன் மறுவிற்பனை செய்ய முடியாது?

டிஸ்கில் வாங்கிய கேமை விளையாடி முடித்ததும் விற்றுவிடலாம். அதே விலை கொடுத்துப் பதிவிறக்கிய கேமை ஏன் விற்க முடிவதில்லை?

டிஸ்க் ஒரு பொருள். அந்தப் பிரதியை ஒருமுறை விற்றபின் அதன் கைமாற்றத்தில் பதிப்புரிமையாளர் தலையிட முடியாது என்பதே பல நாடுகளின் சட்டம். பதிவிறக்கத்தில் கைமாற்றப் பொருளே இல்லை. இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் புதிய நகல் உருவாகும். நகலெடுக்கும் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது. நமக்குக் கிடைப்பது விளையாடும் உரிமம் மட்டும். புத்தகத்தைச் சொந்தமாக வாங்குவதற்கும் நூலக உறுப்பினர் அட்டை வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. அட்டையை அடுத்தவருக்கு விற்க முடியாது. நூலகத்தை மூடிவிட்டால் அட்டையால் பயனில்லை.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. கேம் தயாரிப்பு நிறுவனமான யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று 'தி க்ரூ' கேமின் சர்வர்களை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் விளையாட முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை, இதை வாங்குவதற்கு முன்பே தெளிவாகச் சொல்வதுதான் நியாயம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் அது சட்டமாகவே இருக்கிறது: உரிமத்தை மட்டும் விற்கும் கடை, அதை வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று விளம்பரப்படுத்தக் கூடாது.

டிஸ்க் கையில் இருந்தால் கேம் என்றென்றும் நம்முடையது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் 'தி க்ரூ' டிஸ்க்கிலும் வந்த கேம்தான், சர்வர் நின்றதும் அந்த டிஸ்க்கும் ஓடவில்லை.