விழுந்த கொசு எழுந்து பறக்குதுன்னா மருந்தை டபுள் ஆக்கணுமா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "ரூம்ல ஸ்ப்ரே அடிச்சா கொசு விழுது, ஆனா கொஞ்ச நேரத்துல எழுந்து பறக்குது. அரைகுறையா மருந்து பட்ட கொசு இன்னும் வெறியா கடிக்கும், அதனால டபுள் டோஸ் அடிக்கணும்னு மருந்து அடிக்க வந்த ஏஜென்ட் சொல்றார். உண்மையா?"

டபுள் டோஸ் வேண்டவே வேண்டாம். அந்த மூடின ரூம்ல ராத்திரி முழுக்க மூச்சு விடப்போறது நீங்களும் உங்க குழந்தைங்களும்தான்.

வீட்டு ஸ்ப்ரேல பெரும்பாலும் இருக்கிறது பைரித்ராய்டு வகை மருந்து. இது கொசுவோட நரம்புல சிக்னல் போக வழிவிடுற சோடியம் சேனல்ங்கிற கதவை மூட விடாது, நரம்பு நிக்காம துடிக்கும், கொசு முதல்ல நிலைகொள்ளாம கண்டபடி பறக்கும், அதைப் பாத்துட்டுதான் வெறின்னு சொல்றாங்க, அப்புறம் கால் ஓஞ்சு விழும். விழுந்ததெல்லாம் செத்தது இல்ல. டோஸ் கம்மின்னா அதோட உடம்புல இருக்கிற என்சைமே விஷத்தை உடைச்சிடும், எழுந்திடும். எழுந்த உடனே அது தடுமாறிட்டுதான் இருக்கும், ஆளைத் தேடி ஒழுங்கா கடிக்கிற தெம்பு அப்போதைக்கு குறைவு. அதனால விழுந்ததை, நீங்க ரூமுக்குள்ள திரும்பிப் போன உடனே பெருக்கி நசுக்கிடுங்க, இல்ல சோப்புத் தண்ணில போடுங்க. டபுள் டோஸை விட இது உருப்படியான வேலை.

நான் பயப்படுறது வேற விஷயத்துக்கு. இங்கிலாந்துல கீல் பல்கலைக்கழகக் குழு 2022ல வெளியிட்ட ஆய்வுல, டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்கும் க்யூலெக்ஸ் கொசுவுக்கும் சாகாத அளவு மருந்து ஒரே ஒரு தடவை காட்டினாங்க. பிழைச்ச கொசுக்கள்ல நிறைய, அந்த மருந்து வாசனை இருந்த வலையையும் உட்கார்ற இடத்தையும் தவிர்த்துச்சு. அதாவது அரைகுறையா அடிச்சா கொசு மருந்தை அடையாளம் கண்டுக்கவும் வாய்ப்பு இருக்கு.

அரைகுறை டோஸ் யாரால வருது? லேபிள் இல்லாத கேன்ல எதையோ கலக்கி எடுத்துட்டு வர்ற ஆளுங்களாலதான். முதல் தடவை தண்ணியா அடிப்பாங்க, கொசு சாகலன்னா "ரெசிஸ்டன்ஸ், அதாவது மருந்தைத் தாங்குற சக்தி, கொசுவுக்கு வந்துடுச்சு, புது மருந்து இருக்கு, வருஷ கான்ட்ராக்ட் போடுங்க"ன்னு வருவாங்க. மருந்து பேர், எத்தனை சதவீதம், பதிவு எண், இந்த மூணும் உள்ள லேபிளை காட்டச் சொல்லுங்க, காட்டலன்னா உள்ள விடாதீங்க. புகை அடிக்கிறதும் அரைகுறை வேலைதான், அந்த நேரத்துல பறக்கிற கொசுவைத்தான் பிடிக்கும், மறைவுல உட்கார்ந்திருக்கிறது பெரும்பாலும் தப்பிச்சிடும்.

அளவு கம்மியா இருக்கக் கூடாதுங்கிறதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, இதை நல்லா புரிஞ்சுக்கோங்க, நிறைய பேர் இதுலதான் குழம்புறாங்க. பிளக்ல மாட்டுற லிக்விட், காயில் இதெல்லாம் கம்மி அளவுலதான் காத்துல கலக்கும், வேணும்னே அப்படி செஞ்சது. டிரான்ஸ்ஃப்ளூத்ரின் மாதிரி மருந்து கொசுவை விரட்டும், குழப்பும், கடிக்க விடாம பண்ணும், அதுக்கு கொசு சாகணும்னு அவசியமே இல்ல. தரைல செத்த கொசு இல்லையே, ஏமாத்திட்டான்னு பாட்டிலை தூக்கிப் போடாதீங்க, கடி குறைஞ்சுதான்னு பாருங்க. ஆனா விரட்டின கொசு பக்கத்துல பாதுகாப்பு இல்லாம தூங்குறவங்க கிட்ட போகலாம், அதனால அவங்களுக்கும் வலை கட்டுங்க.

அதிகாரிங்க மேல எனக்கு இருக்கிற கோவம் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தோட வழக்கமான டியூப் டெஸ்ட்ல கொசுவை 1 மணி நேரம் மருந்துல வெச்சு, 24 மணி நேரம் கழிச்சு எத்தனை செத்துச்சுன்னு எண்ணுவாங்க, 98 சதவீதம் செத்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், 90க்கு கீழ போனா ரெசிஸ்டன்ஸ். பிழைச்சது கடிச்சுதா, விலகிப் போச்சான்னு இதுல கணக்கே கிடையாது. அந்த ரிசல்ட்டாவது மக்கள் கண்ணுக்கு வருதா, ஃபைல்லயே கிடக்குது, தெருவுல புகை வண்டி மட்டும் ஓடுது.

உங்க ரூமுக்கு: கதவு ஜன்னலை சாத்தி லேபிள்ல சொன்ன அளவு அடிங்க, அதுல எழுதின நேரம் வரைக்கும் வெளிய இருங்க, காத்தோட்டமா விட்டுட்டு உள்ள போங்க, வலைக்குள்ள படுங்க. அதுக்கப்புறமும் தினமும் கொசு வந்தா ஸ்ப்ரே பாட்டிலை விட்டுட்டு, தண்ணி எங்க தேங்கி நிக்குதுன்னு தேடுங்க.