உலான்பாட்டரில் ஒரு பூங்கா – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கோவையில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வரும் ஜூலையில் இரண்டு வாரம் மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டருக்குத் தன்னார்வலராகப் போக விண்ணப்பித்திருக்கிறேன். காலையில் சிறுவர்களுக்கு ஆங்கில வகுப்பு, மாலையில் கூடாரக் குடியிருப்பு ஒன்றில் பொதுப்பூங்கா அமைக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கும் அழைத்துப்போவார்களாம். கட்டணத்துக்குச் சேமிப்பில்தான் கைவைக்க வேண்டும். “உதவி செய்ய இங்கே ஆள் இல்லையா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் அங்கே தங்கிக் கற்பித்தவர். இரண்டு வாரத்தில் உருப்படியாக எதுவும் செய்ய முடியுமா?

ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

பூங்காவுக்கு இரண்டு வாரம் போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. இரண்டையும் ஒரே திட்டத்தில் கட்டித் தருவதால்தான் உங்களுக்குக் குழப்பம்.

1990இல் ஒற்றைக் கட்சி ஆட்சி முடியும்வரை மங்கோலியப் பள்ளிகளில் அந்நிய மொழி என்றால் ரஷ்யன்தான். பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பினார்கள், ஆசிரியர்கள் போதவில்லை. 1991இல் அங்கே வந்த அமெரிக்க அரசின் பீஸ் கார்ப்ஸ் தொண்டர்கள் முதலில் உள்ளூர் மொழியைப் படித்துக்கொண்டு, பிறகு இரண்டு ஆண்டுகள் தங்கிப் பணிசெய்தார்கள். அந்தக் கால அளவில் நியாயம் இருக்கிறது. ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பெயர் மனத்தில் பதிவதற்குள் நீங்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள். அடுத்து வருகிறவர் மறுபடி வண்ணங்களின் பெயரிலிருந்து தொடங்குவார். ஒரே பாடத்தைப் பல வெளிநாட்டு முகங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பாவம், பொறுமையாகச் சொல்லிக்காட்டுவார்கள்.

ஆனால் உங்களால் வேறொன்று முடியும். அங்குள்ள ஆங்கில ஆசிரியையின் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்கு வேண்டியது பேசிப் பழகத் துணை, பாடத்தைச் சேர்ந்து தயாரிக்க ஓர் ஆள். மங்கோலிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபுகள் பெயரின் பின்னால்தான் ஒட்டும். ‘ஐ புக் ரீட்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு உடனே புரியும்; கோவையில் அதே பிழையை எத்தனை முறை திருத்தியிருப்பீர்கள்! இலண்டனிலிருந்து வருகிறவருக்கு இல்லாத கைமுதல் இது.

ஜூலையில் போகாதீர்கள். அப்போது பள்ளிகள் விடுமுறையில் இருக்கும். செப்டம்பர் 1இல்தான் திறப்பார்கள். ஜூலை 11 முதல் அவர்களின் தேசிய விளையாட்டுத் திருவிழாவான நாதம். பல பிள்ளைகள் புல்வெளியில் மந்தை மேய்க்கும் தாத்தா பாட்டியிடம் போய்விடுவார்கள். மே மாதம் போங்கள். புழுதிக்காற்று வீசும், சில நாள் பனிகூடப் பெய்யும். ஆனால் பள்ளி நடக்கும், மண்ணும் இளகியிருக்கும். மே மாத இரண்டாம் சனிக்கிழமை அங்கே தேசிய மரம் நடும் நாள்.

பூங்காவைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. நகரத்தின் பாதிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்தக் கூடாரப் பகுதிகளில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் கிடையாது. தெருமுனைத் தண்ணீர் நிலையத்தில் காசு கொடுத்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பத்து வயதுப் பையன் ஒருவன் நீல கேனை இரட்டைச் சக்கர வண்டியில் வைத்து, செங்குத்தான மண்பாதையில் நெஞ்சை முன்னால் தள்ளி இழுத்துப் போவதைக் கண்டால் செடி நடும் ஆசை சற்று நிதானப்படும். நீங்கள் நடும் கன்று குடிக்கப்போவது அவன் இழுத்துவந்த தண்ணீரை. எந்த வீடு எந்தக் கன்றுக்கு, எந்தக் கிழமையில் என்பதை அந்தத் தெருக்காரர்கள் தாங்களே பேசி முடித்திருந்தால் மட்டும் கடப்பாரையைத் தொடுங்கள். முதலில் வேலி, இல்லையென்றால் ஆடுமாடு ஒன்றையும் விட்டுவைக்காது. வறட்சி தாங்கும் சைபீரிய எல்ம் மரம், பழம் தரும் சாட்சர்கன் முட்புதர் போன்றவற்றை அவர்களே சொல்வார்கள். ஊஞ்சலுக்கு அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதையும் உள்ளூர்க் கொத்தனாரே முடிவு செய்யட்டும். மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும் குளிரில் நிலம் உறைந்து, ஆழமில்லாத கான்கிரீட்டை மேலே தள்ளிவிடும். குழி வெட்டவும், கல் சுமக்கவும், வர்ணம் பூசவும் உங்கள் இரண்டு வாரம் தாராளம்.

காப்பகத்துக்கு மட்டும் போக வேண்டாம். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இத்தகைய இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். வந்துபோகிறவர்களின் காசு அந்தப் பெருக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம். ஞாயிற்றுக்கிழமை தெருப்பிள்ளைகளோடு கூடைப்பந்து ஆடுங்கள். அவர்களுக்கு அது உயிர்.

வீட்டில் கேட்பது நல்ல கேள்விதான். அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் பணம் கட்டுமுன் அமைப்பாளரிடம் இரண்டைக் கேளுங்கள்: போன ஆண்டு வைத்த கன்றுகளின் இந்த ஆண்டுப் படத்தை அனுப்ப முடியுமா? நான் உதவப்போகும் ஆசிரியையோடு இப்போதே பேச முடியுமா? இரண்டுக்கும் பதில் வந்தால் கட்டுங்கள். வந்ததும் எனக்கும் எழுதுங்கள்; அங்கே எனக்குத் தெரிந்த ஆசிரியர்களிடம் சொல்லிவைக்கிறேன்.