மாத்திரை போட்டும் பூச்சி போகவில்லையா? நெல்லைப் பிள்ளைகளுக்கான கேள்வி பதில்

(முப்பது வருஷம் ஆய்வகத்தில் மலப் பரிசோதனை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி பதில் சொல்கிறார்.)

மேலப்பாளையம்: அண்ணாச்சி, பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. மகனுக்கு மறுபடியும் நீளப்புழு வந்திருக்கிறது. மாத்திரை சரியில்லையா?

மாத்திரை மேல் குற்றமில்லை அம்மா. பள்ளியில் கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரை அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். நாளைக்கு வாய்க்குள் போகிற முட்டையைத் தடுக்காது. நீங்கள் சொல்லும் நீளப்புழுவைத்தான் உருண்டைப்புழு என்பார்கள். அதில் ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். மலத்தோடு மண்ணில் விழும் முட்டை இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும், ஈர மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழைக்குச் சாக்கடை பொங்கித் தெருவில் ஏறுகிறது. தண்ணீர் வடிந்ததும் அதே சேற்றில் பிள்ளைகள் கோலி விளையாடுகிறார்கள். ஒரு வளவில் ஆறு வீடு, ஆறுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். அந்த ஆறு வீட்டுப் பிள்ளைகளின் மலத்திலும் ஒரே வகைப் புழு முட்டையை நான் பார்த்திருக்கிறேன். தாய்மாரைத் திட்டி என்ன பயன்? தெருச் சாக்கடையை ஒருத்தியால் மூட முடியுமா? உங்களால் முடிந்தது சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் நகம் வெட்டுவதும். அதை விடாதீர்கள்.

பேட்டை: மிட்டாய் தின்றால் பூச்சி வருமா?

வராது. மிட்டாய் பிடித்த கையில் உள்ள அழுக்கால் வரும்.

டவுண்: மகளுக்கு ராத்திரியானால் ஆசனவாயில் அரிப்பு.

கீரிப்பூச்சியாக இருக்கும். ராத்திரியில் வெளியே வந்து முட்டையிடும். சொறிந்த விரல் வாய்க்குப் போனால் மறுபடியும் தொற்றும். டாக்டரிடம் கேட்டு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து சாப்பிடுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. கர்ப்பிணி இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். நகம் வெட்டுங்கள்.

பாளை: எங்கள் ஆச்சி விளக்கெண்ணெய் கொடுத்தே எங்களை வளர்த்தாள். மாத்திரை எதற்கு?

விளக்கெண்ணெய் பேதியாக்கும், அவ்வளவுதான். கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிப்பது. பேதிக்கெல்லாம் அது பிடியை விடாது. சின்னப் பிள்ளைக்குப் பேதியானால் உடம்பில் நீர் வற்றிவிடும், அது ஆபத்து.

பாளை: ஆச்சி காலத்தில் எல்லோரும் திடமாகத்தானே இருந்தார்கள்?

வண்ணார்பேட்டை: எங்கே இருந்தார்கள்? என் அம்மாவைப் பெற்ற ஆச்சி வெறுங்காலோடு காட்டுக்கு ஒதுங்குவாள். கடைசிவரை சோகையோடே கிடந்தாள்.

வண்ணார்பேட்டைக்காரர் சொல்வதை நான் நம்புகிறேன். கொக்கிப்புழுவின் குஞ்சு பாதத்துத் தோலைத் துளைத்துத்தான் உள்ளே வரும். திடமாக இருந்தவர்களை நினைவு வைத்திருக்கிறோம், வெளுத்துப்போய்க் கிடந்தவர்களை மறந்துவிட்டோம். வேப்பங்கொழுந்து கொடுக்கிற வழக்கம் இருந்தால் கொடுங்கள், ஆனால் அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள். பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

தச்சநல்லூர்: எந்த வயதுக்கு எவ்வளவு மாத்திரை?

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுப்பார்கள். 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் 19 வயது வரை 400 மில்லிகிராம் முழு மாத்திரை. குழந்தைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், முழுசாகப் போட்டால் தொண்டையில் சிக்கும். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

பேட்டை: குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுகிறார்களே, போதாதா?

உருண்டைப்புழு முட்டை குளோரினுக்குச் சாகாது. கொதிக்க வைத்தால் சாகும்.

தச்சநல்லூர்: சீனி அதிகம் தின்றால் பூச்சி வருமா?

மேலே சொல்லிவிட்டேன். நகம் வெட்டியாயிற்றா?

மேலப்பாளையம்: எங்கள் வளவிலும் ஒரே கக்கூஸ்தான் அண்ணாச்சி. என்ன செய்ய?

திங்கள்கிழமை கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். ஒருவராகப் போகாதீர்கள். வளவில் உள்ள எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்து போங்கள். பிள்ளைகளின் மலப் பரிசோதனைச் சீட்டையும் கூடவே இணைத்துக் கொடுங்கள்.